மின்னணு இசையும் வீட்டு ஒலிபெருக்கியும்

1956-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மனியின் கொலோன் நகரத்து வானொலி நிலையத்தில், கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹௌஸன் என்ற இளம் இசையமைப்பாளர் இயற்றிய புதிய சங்கீதம் ஒன்று அரங்கேறியபோது, அதைப் பாடுவோரும் மேடையில் இல்லை, வாசிப்போரும் இல்லை. ஒரு சிறுவனின் குரலையும் மின்சாரக் கருவிகள் பிறப்பித்த நாதங்களையும் காந்த நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி, மாதக்கணக்கில் உழைத்து அவர் உருவாக்கியிருந்த அந்த இசையை, சபையோரைச் சூழ வைத்திருந்த ஒலிபெருக்கிகளே நிகழ்த்திக் காட்டின. கேட்டவர்களுக்கு அன்று அது வினோதமாகப் பட்டிருக்கலாம். ஆயினும் அதற்குப் பின் வந்த மின்னணு இசை அனைத்துக்கும், டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து க்ராஃப்ட்வெர்க் குழுவினரின் பாடல்களுக்கும், டெட்ராய்ட் இளைஞர்கள் எழுப்பிய டெக்னோவுக்கும், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் நடன இசைக்கும், அந்த மேடையின் நிலைமையே பொது நிலைமையாகிவிட்டது.

வயலின் கச்சேரியின் ஒலிப்பதிவை வீட்டில் போட்டுக் கேட்கும்போது, ஒலிபெருக்கி உண்மை பேசுகிறதா என்று சோதிப்பதற்கு நம்மிடம் ஓர் உரைகல் இருக்கிறது. சபாவில் நேரில் கேட்ட வயலினின் நாதம் மனத்தில் பதிந்திருக்கிறது. மின்னணு இசைக்கு அத்தகைய உரைகல் கிடையாது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிற கணத்தில்தான் அந்த நாதம் உலகில் முதன்முதலாகப் பிறக்கிறது. அதற்கு முன் அது கம்பியில் ஓடும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மாத்திரமே. ஆதலால் இந்த இசையைப் பொறுத்தவரை ஒலிபெருக்கியே வாத்தியம் என்றும், வீணை வாங்கப் போகிறவர் காட்டும் கவனத்தை அதை வாங்குகிறவரும் காட்டவேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

உயர்தர ஒலிபெருக்கிகளின் மரபு பெரும்பாலும் மனிதக் குரல், பியானோ, தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி., வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென்று 1970-களில் வகுத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை இன்றும் ரசிகர்கள் பக்தியோடு தேடி வாங்குகிறார்கள். ஒரு முழ உயரம்கூட இல்லாத அந்தப் பெட்டியில் மனிதக் குரல் ஒலிக்கும் இயல்பும் நெருக்கமும் புகழுக்கு முற்றிலும் தகுதியானவை. ஆனால் அதிலுள்ள 5 அங்குலக் கூம்பிடம் டெட்ராய்ட் டெக்னோவின் கீழ் ஸ்தாயியைக் கேட்பது அநியாயம். பிரசித்தி பெற்ற பெயர், மெருகேற்றிய மரம், விமர்சகர்களின் பாராட்டு ஆகிய மூன்றையும் நம்பிப் பெருந்தொகை கொடுத்தவர்கள் பின்னர் ஏமாற்றமடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்தக் கீழ் ஸ்தாயி எங்கே இருக்கிறது என்பதை ஒரு கருவியைக் கொண்டு விளக்குகிறேன். ஜப்பானில் இக்குதாரோ காக்கெஹாஷி நிறுவிய ரோலண்ட் கம்பெனி, 1980-ஆம் ஆண்டில் டி.ஆர்-808 என்ற தாள யந்திரத்தை வெளியிட்டது. மெய்யான டிரம்மைப்போல் ஒலிக்கவில்லை என்ற குறை அதன்மேல் அன்று சொல்லப்பட்டது. 1983-இல் உற்பத்தியும் நின்றது. பழைய சாமான் விலைக்குக் கிடைத்த அந்த யந்திரங்களை வாங்கிய அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள், அதன் குறையையே குணமாக்கிக் கொண்டார்கள். அதன் பேஸ் டிரம்மைப் பிறப்பிப்பது ஒரு சிறு மின்சுற்று. தட்டிவிட்ட மணியைப்போல் அது விநாடிக்கு ஏறத்தாழ 50 தடவை அதிர்ந்து மெல்ல அடங்குகிறது. அடங்கும் காலத்தை நீட்டுவதற்கு முன்பலகையில் ஒரு குமிழும் உண்டு. குமிழை முழுவதும் திருப்பினால், அடி என்று தொடங்கியது கார்வையாக நீண்டு, தாளமும் சுருதியும் ஒன்றே என்று ஆகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி எழும்போது வெறும் தட்டல் கேட்பதில்லை, வளைந்து செல்லும் ஒரு ஸ்வரம் கேட்கிறது அல்லவா? 808-இன் அடியும் அப்படி ஸ்வரமாகக் கேட்கவேண்டும். 'தொம்' என்ற வெறும் சப்தமாக மாத்திரம் அது கேட்டால், இசையின் பாதி வீட்டுக்குள் வரவே இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு கீழே இறங்குவதற்கு ஒலிபெருக்கி கொடுக்கவேண்டிய விலை பெரிது. ஒரே அளவு சப்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்புவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாகவேண்டும் என்பது பௌதிக நியதி. 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு நூறு அதிர்வில், ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 50-இல் நான்கு மில்லிமீட்டரும், 25-இல் பதினாறு மில்லிமீட்டரும் அசையவேண்டும். இதைத் தவிர்க்க முக்கியமான வழி, கூம்பின் பரப்பைப் பெருக்குவது. 10 அங்குலக் கூம்பு 5 அங்குலக் கூம்பைப்போல் நான்கு மடங்கு பரப்புடையதாகையால், அதே வேலையைக் கால்பங்கு அசைவில், திணறலின்றிச் செய்கிறது. சிறிய பெட்டியில் பெரிய பேஸ் என்று விளம்பரங்கள் கூறுவது மெல்லிய சப்தத்துக்குப் பொருந்தலாம். நடன இசையை அதற்குரிய கம்பீரத்தோடு கேட்க விரும்புகிறவர் பரப்பைத் தேடிப் போவதே விவேகம்.

நடன இசையை இத்தகைய கம்பீரத்தோடு தம் வீட்டிலேயே ஒலிக்கச் செய்து காட்டியவர் டேவிட் மான்குசோ. நியூயார்க் நகரத்தின் பிராட்வே வீதியில் தாம் வசித்த மாடியில், 1970-ஆம் ஆண்டு முதல் அவர் நண்பர்களை அழைத்து நடன விருந்துகள் நடத்தினார். 'லாஃப்ட்' என்று பெயர் பெற்ற அந்த வீடே பிற்கால நடன மன்றங்களுக்கெல்லாம் தாய்வீடாயிற்று. அங்கே அவர் வைத்திருந்தவை அமெரிக்காவின் அர்கன்ஸா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946 முதல் செய்துவந்த கிளிப்ஷ்ஹார்ன் என்னும் வீட்டு ஒலிபெருக்கிகள். அறையின் மூலையில் பொருத்துவதற்கென்றே வகுக்கப்பட்ட அந்தப் பெட்டியினுள் கொம்புபோன்ற பாதை ஒன்று மடிந்து மடிந்து செல்கிறது. மூலையில் சந்திக்கும் இரு சுவர்களும் அந்தக் கொம்பின் கடைசிப் பகுதியாக அமைந்து, அறையையே வாத்தியத்தின் அங்கமாக்கிவிடுகின்றன. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அது எழுப்பும் சப்தம் 105 டெசிபெல் என்று அதைச் செய்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். சாதாரண வீட்டு ஒலிபெருக்கி 87 டெசிபெல்லை ஒட்டியே நிற்கும். பத்து டெசிபெல் கூடுவதற்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும் என்பதை நினைத்தால், அந்த வித்தியாசத்தின் மகத்துவம் விளங்கும். மான்குசோ சப்தத்தை மிகைப்படுத்தியவரல்லர். காதை வருத்தாத தெளிவையே வற்புறுத்தினார் என்பதை அவரைப் பற்றி எழுதியவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். சக்தி கையிருப்பில் இருப்பவனுக்கே நிதானம் கைவருகிறது என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் காலியான இரண்டு மூலைகள் இருப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் வாங்குவது மூடிய பெட்டியாகவோ துவாரமுள்ள பெட்டியாகவோ இருக்கும். எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏ.ஆர்-1 என்ற மூடிய பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாகப் பயன்படுத்தி, அதுவரை அலமாரி அளவு இருந்த ஒலிபெருக்கியைப் புத்தக அலமாரிக்குள் அடங்கும்படி செய்தார். துவாரப் பெட்டியின் கணிதத்தை 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் ஒழுங்குபடுத்தினார். பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். துவாரம் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு அருகே கூம்புக்குத் தோள்கொடுக்கிறது. அதற்குக் கீழே அது கூம்பைக் கைவிட்டுவிடுவதால், சப்தம் செங்குத்தாக வீழ்கிறது, கூம்பும் கட்டுப்பாடின்றி ஆடுகிறது. மூடிய பெட்டி முன்னதாகவே தணியத் தொடங்கினாலும் மெதுவாகத் தணிகிறது. அடி நின்றவுடன் தானும் நிற்கிறது. டெக்னோவில் விநாடிக்கு இரண்டு தடவைக்குமேல் விழும் அடிகளுக்கு இடையே உள்ள மௌனமும் தாளத்தின் பகுதி என்று கருதுகிறவனாகையால், நான் மூடிய பெட்டியின் பக்கமே சாய்கிறேன். நன்கு வகுத்த துவாரப் பெட்டிகள் இதற்கு விலக்காக உண்டு. துவாரம் வாயகன்றதாக இருந்து, பலமான பேஸிலும் அதிலிருந்து 'புஸ்' என்று காற்று சீறாதிருந்தால் அதை ஒதுக்க வேண்டுவதில்லை.

மற்றொரு சங்கதியைக் கடைக்காரர்கள் சொல்வது அரிது. வில்லுப்பட்ட வயலின் தந்தியின் சப்தம் ஏறி இறங்கும்; மின்னணு இசையின் பேஸோ மணிக்கணக்கில் ஒரே பலத்தில் நீடிக்கும். அந்நேரம் முழுதும் கூம்பின் பின்னாலுள்ள கம்பிச்சுருள் சூடேறிக்கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை மிகுந்து சப்தம் குன்றுகிறது. முதல் பாட்டில் துடிப்போடு இருந்த ஒலிபெருக்கி எட்டாவது பாட்டில் சோர்ந்து ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. கடையில் மூன்று நிமிஷம் கேட்டு இதை அறிய முடியாது. அரைமணி நேரமாவது சற்றுப் பலமாகவே ஒலிக்கவிட்டு, பிறகு முதல் பாட்டை மறுபடியும் போட்டுக் கேட்கவேண்டும்.

அண்மைக் காலத்தில் எழுந்துள்ள மாறுதல்களில் என் மனத்தைக் கவர்ந்தது, ஒவ்வொரு கூம்புக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, அவற்றைக் கணிப்பொறிச் சில்லு ஒன்றின் ஆட்சியில் இயக்கும் முறை. பின்லாந்தில் ஈசால்மி என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய ஜெனெலெக் கம்பெனி, வானொலி நிலையங்களுக்காக வளர்த்த இந்த வழியை இன்று வீடுகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. மின்னணு இசை இயற்றுவோர் பலர் இத்தகைய பெட்டிகளின் முன்னால் அமர்ந்தே தங்கள் இசையை முடிவு செய்கிறார்களாகையால், அதே இனத்துப் பெட்டியில் கேட்பது மூலத்துக்கு அருகே செல்வதாகும். கீ த்ரீ என்ற பெட்டியும், நெதர்லாந்தில் செய்யப்படும் டச் அண்ட் டச் 8சி என்ற பெட்டியும் இன்னொரு படி மேலே போகின்றன. சாதாரணப் பெட்டியிலிருந்து கீழ் ஸ்தாயி நாற்புறமும் பரவி, பின்சுவரில் மோதித் தாமதமாகத் திரும்பி வந்து தெளிவைக் குலைக்கும். கீ த்ரீ தன் பின்புறக் கூம்புகளைக்கொண்டு அந்தப் பின்னோட்டத்தைத் தணித்து, ஒலியை முன்னோக்கியே செலுத்துகிறது. 8சி பக்கவாட்டுத் திறப்புகளால் இதைச் சாதிப்பதோடு, மிகக் கீழான ஸ்வரங்களுக்கு மாத்திரம் முதுகிலுள்ள இரண்டு 8 அங்குலக் கூம்புகளைப் பின்சுவரை நோக்கியே வைத்து, பகைவனாக இருந்த சுவரைத் துணைவனாக்கிக் கொள்கிறது. இங்கிலாந்தின் கெஃப் கம்பெனி பிளேட் என்ற உயர்ந்த மாதிரியில், நான்கு பேஸ் கூம்புகளை ஜோடி ஜோடியாக முதுகோடு முதுகு பொருத்தி, ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஏற்கும்படி செய்து, பெட்டி நடுங்குவதைப் பெரிதும் குறைத்திருக்கிறது. இவையெல்லாம் லட்சக்கணக்கில் விலைபோகும் பொருள்கள். ஆனால் அந்தப் பணம் மெருகுக்காக அன்றிக் காரியத்துக்காகச் செலவாகியிருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

இனி அறைக்கு வருகிறேன். எவ்வளவு விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் கீழ் ஸ்தாயியில் தன் அறைக்கு அடிமையே. காற்றில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று அதிகம். நம் வீடுகளில் சாதாரணமான 14 அடி நீளக் கூடத்தில் அந்த அலையில் சரிபாதி, அளந்து வைத்ததுபோல் சுவருக்குச் சுவர் பொருந்திவிடுகிறது. ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஸ்வரம் அந்த அறையில் அடங்க மறுத்து முழங்குகிறது. 12 அடி அகலம் 47 ஹெர்ட்ஸை ஒட்டியும், 10 அடி உயரம் 56 ஹெர்ட்ஸை ஒட்டியும் இதே உபத்திரவத்தைச் செய்கின்றன. 808 வாழும் இடம் இவற்றுக்கு நட்டநடுவே இருப்பதைப் பாருங்கள். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்கள் சற்று வளைந்துகொடுத்துக் கீழ் ஸ்தாயியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் டைல்ஸ் தரையும் சேர்ந்த நம் வீட்டு அறைகள் அதை ஏறக்குறைய முழுமையாகத் திருப்பி அனுப்புகின்றன. அங்கே எழுதப்பட்ட விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே வாங்குவோர் இந்த வேற்றுமையை அவசியம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுவரில் இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் ஒட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வதை நம்பவேண்டாம். அது கைதட்டலின் எதிரொலியை அடக்கும்; ஆனால் 40 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே இரண்டு மீட்டருக்கு மேல் இருப்பதால், மெல்லிய ஸ்பாஞ்சை அது மதிக்கவே மதிக்காது. பயன் தருவன மூன்று: ஒலிபெருக்கியும் நாற்காலியும் இருக்கும் இடத்தை மாற்றுவது, கீழ் ஸ்தாயிக்கென்றே அமைந்த சப்வூஃபர்களை ஒன்றுக்கு இரண்டாக வைப்பது, கணிப்பொறியின் திருத்தத்தைக் கையாள்வது. ஹார்மன் கம்பெனியில் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே இரண்டு சப்வூஃபர்களை வைத்தால், ஒன்று எழுப்பும் முழக்கத்தில் பெரும் பகுதியை மற்றொன்று நிரவிவிடுகிறது. ஓர் இருக்கைக்கும் மற்றோர் இருக்கைக்கும் உள்ள வேற்றுமையும் குறைகிறது. ஒரே பெரிய சப்வூஃபரைவிட நடுத்தரமான இரண்டு மேல் என்பதற்கு இதுவே ஆதாரம். திருத்தும் மென்பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது மேட்டைச் சமன் செய்யும்; பள்ளத்தை நிரப்பாது. ஓரிடத்தில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அழிவும் அவ்வளவுக்கு மிகும்.

இடம் தேடுவதற்கு அனுபவசாலிகள் கையாளும் ஓர் உபாயம் இருக்கிறது. பார்ப்பவருக்கு விசித்திரமாக இருப்பினும் பலன் நிச்சயம். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின்மேல் வையுங்கள். ஏறியும் இறங்கியும் செல்லும் பேஸ் வரிசை ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, காது தரைக்குச் சமீபமாக இருக்கும்படி முழங்காலிட்டுச் சுவரோரமாகவே நகர்ந்து வாருங்கள். மூலையில் எல்லாம் ஒன்றாகக் குழம்பி இரைச்சலாகும். இரண்டடி தள்ளினால் இரண்டு ஸ்வரங்கள் காணாமற்போகும். இன்னும் சற்று நகர்ந்தால் அவை திரும்பி வந்து, ஒவ்வொரு ஸ்வரமும் சம பலத்தோடு வரிசையாக நிற்கும் ஓர் இடம் அகப்படும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, சப்வூஃபரை அங்கே இறக்கிவிட்டு நாற்காலியில் போய் அமருங்கள். ஒலியின் பாதை இருதிசைக்கும் பொதுவாகையால், அங்கே கேட்டதே இங்கும் கேட்கும். ஒரு பைசா செலவில்லாத இந்தக் காரியம், விலையுயர்ந்த கேபிள்களால் ஒருநாளும் விளையாத மாறுதலை விளைவிக்கிறது.

மேல் ஸ்தாயியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மின்னணு இசையில் தகடுபோன்ற கூர்மையான சப்தங்கள் இடைவிடாமல் வருவதால், மினுமினுப்பை மிகைப்படுத்தும் ஒலிபெருக்கி முதல் பத்து நிமிஷம் மயக்கும். ஒரு மணி நேரத்தில் தலைவலி தரும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்து மனிதர்களைக் கேட்கச் செய்து கண்ட முடிவு தெளிவானது: எந்தப் பெட்டி என்று தெரியாதபோது, முன்புறத்தில் சமச்சீராகவும் பக்கவாட்டில் படிப்படியாகத் தணிந்தும் ஒலிப்பதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். பெட்டியைக் கண்ணால் கண்டபின் அளிக்கும் தீர்ப்பு வேறாக இருப்பதை அவருடைய சகாவான ஷான் ஆலிவ் 1994-இல் காட்டினார். ஆதலால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நல்ல பழக்கம். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சப்த அளவைச் சமமாக்கிக் கொள்வது அதனினும் முக்கியம். சிறிதளவு பலமாக ஒலிப்பதே சிறந்ததென்று காது எப்போதும் ஏமாந்துபோகும்.

கொண்டுபோகும் பாட்டுக்கள் உங்களுக்கு மனப்பாடமானவையாக இருக்கட்டும். க்ராஃப்ட்வெர்க்கின் 1981-ஆம் வருஷத்து 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' இடைவெளிகளின் சுத்தத்தைச் சோதிப்பதற்குச் சிறந்தது. நம் நாட்டிலேயே, மும்பையில் திரைப்பட வாத்தியக் கலைஞராக விளங்கிய சரண்ஜித் சிங், 808-ஐயும் ரோலண்டின் டி.பி-303 பேஸ் யந்திரத்தையும் கொண்டு 1982-இல் பத்து ராகங்களை நடன தாளத்தில் பதிவு செய்தார்; அன்று கேட்பாரற்றுக் கிடந்த அந்த இசைத்தட்டை 2010-இல் மறுபதிப்பு வந்தபின் உலகமே வியந்து பாராட்டியது. ராகத்தின் ஸ்வரங்கள் நமக்குப் பழக்கமாகையால், 303-இன் குழைவில் எந்த ஸ்வரம் நழுவுகிறது, எது வீங்குகிறது என்பதை நம் காது உடனே கண்டுபிடித்துவிடும். இதைவிட நல்ல பரீட்சை நமக்கு இல்லை.

சப்த அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரமும், 100 டெசிபெல்லில் கால்மணி நேரமும் என்பதே செவிக்குப் பாதுகாப்பான எல்லையாக அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மெல்லிய சப்தத்தில் காது கீழ் ஸ்தாயியை அலட்சியம் செய்யும் என்று ஃப்ளெச்சரும் மன்ஸனும் 1933-இலேயே நிறுவினார்கள். ஆகவே அடுக்குமாடியில் இரவு கேட்பவர்கள் பேஸைச் சற்று உயர்த்திவைத்து மொத்த சப்தத்தைத் தணிப்பது, அண்டை வீட்டாருக்கும் இசைக்கும் ஒருங்கே செய்யும் நியாயம்.

வாங்கும்முன் பழுதுபார்க்கும் வசதியை விசாரியுங்கள். கூம்பின் விளிம்பு ஃபோமால் ஆனதாயின், நம் கடற்கரை ஊர்களின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சில வருஷங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நீடிக்கும். ஆம்ப்ளிஃபையரை உள்ளடக்கிய பெட்டி பழுதானால் அதன் மின்பலகை இந்தியாவிலேயே கிடைக்குமா, பெட்டியையே கடல் தாண்டி அனுப்பவேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுக்காத விற்பனையாளரிடம் பெருந்தொகை கொடுக்க நான் சம்மதியேன். 14 அடிக்கு 12 அடி அறையும் நடுத்தரமான சேமிப்பும் உடையவர் என்னைக் கேட்டால், விசேஷமான பெரிய ஜோடி ஒன்றில் எல்லாப் பணத்தையும் போடாமல், ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய நேர்மையான நடுத்தர ஜோடி ஒன்றையும், மூடிய பெட்டியில் 12 அங்குலக் கூம்புள்ள சப்வூஃபர் இரண்டையும், அளந்து பார்க்க ஒரு சிறு மைக்கையும் வாங்கச் சொல்வேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர்களிடம் ஒப்படைத்துவிட்டு, மீதிப் பணத்தை இசைத்தட்டுக்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.